பாட்டு சுமக்க வேண்டிய காரியம்

அன்புள்ள தம்பிக்கு,

வல்லம் பக்கத்திலிருந்து எழுத வரும் ஓர் இளைஞர் இசை நாடகத்தின் மேல் ஆசை வைப்பதில் வியப்பு ஒன்றும் இல்லை. கதையைப் பேச்சைவிடப் பாட்டாலேயே நகர்த்தும் மேடைக்கலை, செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் விடிய விடிய நடந்துவருகிறது. தம்பி அனுப்பிய நாடகப் படியிலும் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றுள் பலவற்றை நீக்கிவிட்டுப் படித்தாலும் கதை எங்கும் அறுபடவில்லை என்பதே அதன் பெருங்குறை. திரைப்படத்தில் பாட்டு வரும் இடத்தில் கதை சற்று இளைப்பாறினால் பொறுத்துக்கொள்ளலாம், மேடையில் அதற்கு இடமில்லை.

தம்பி பெரிதும் போற்றும் அமெரிக்க இசை நாடகமும் இந்த நெறியை எளிதில் எட்டிவிடவில்லை. ரிச்சர்ட் ராஜர்ஸ் இசையமைக்க, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் எழுத, 1943இல் நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய 'ஓக்லஹோமா!' இன்றும் முன்மாதிரியாகப் பேசப்படுவதற்குக் காரணம், முந்தைய நாடகங்கள் பலவற்றில் தனி வேடிக்கையாக ஒட்டப்பட்டிருந்த பாட்டையும் நடனத்தையும் அது கதைக்குள் கொண்டுவந்ததுதான். 2015இல் வந்த லின்-மானுவல் மிராண்டாவின் 'ஹாமில்டன்', நாயகனின் பிறப்பையும் வறுமையையும் அவன் ஊர்விட்டுப் புறப்பட்டதையும் முதல் பாட்டிலேயே பிற பாத்திரங்களின் வாயால் சொல்லி முடித்துவிடுகிறது. அதைத் தம்பி வியந்து எழுதியது சரியே. எனினும் அதே வேலையை வேறொரு வகையில் செய்யும் வடிவம் பக்கத்து ஊர்த் தெருக்கூத்துக் களரியிலேயே இருக்கிறது.

தெருக்கூத்தில் வேடக்காரர் எடுத்த எடுப்பில் அவைமுன் வந்துவிடுவதில்லை. இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று, விருத்தத்தை, அதாவது தாளக்கட்டின்றி ராகத்தில் நீட்டிப் பாடும் செய்யுளை, அவர் முதலில் பாடுகிறார். கிரீடத்தின் நுனி மட்டும் திரைக்கு மேல் ஆடுவதைக் கொண்டே வருவது துரியோதனனா கர்ணனா என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள். பின்னர்த் தாளத்தோடு கூடிய தரு என்னும் பாட்டு தொடங்கத் திரை விலகுகிறது. தான் யார், எந்த நாட்டுக்கு அரசன், எதற்காகச் சபைக்கு வந்தான் என்பவை எல்லாம், கட்டியங்காரன் குறுக்கே கேட்கும் கேள்விகளோடு, அந்த வரவிலேயே வெளிவந்துவிடுகின்றன. கட்டியங்காரன் என்பவன் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நின்று பேசும் விதூஷகன். பாண்டவர் காலத்துக் கதைக்கு நடுவே ஊர் ஏரியின் மதகு பழுதானதையும் அவனால் இழுத்துவிட முடியும். 'ஹாமில்டனில்' கதை சொல்லும் ஆரன் பர்ருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது.

எழுதுபவர் இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் மற்றொன்றும் உண்டு. வேடக்காரர் ஓர் அடியைப் பாடி முடித்ததும் பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கிப் பாடுகிறார்கள். முகவீணை என்னும் ஊதுகருவி அதைத் தொடர்ந்து இழைகிறது. அந்த இடைவெளியில்தான் கனத்த உடுப்போடு ஆடுபவர் சுழன்று வரவும் மூச்சு வாங்கவும் வாய்க்கிறது. ஆகவே அடி குறுகியதாகவும், ஒருமுறை கேட்ட அளவில் பிறர் வாயில் ஏறக்கூடியதாகவும், மீண்டும் கேட்கும்போது பொருள் சற்றே கூடுவதாகவும் இருக்க வேண்டும். தம்பியின் அடிகளில் பல, கண்ணுக்கு அழகாக இருப்பினும், ஒரே மூச்சில் முடியாதவை. 'கர்ண மோட்சம்' கூத்தில் போருக்குப் புறப்படும் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பாடிக்கொள்ளும் பகுதியை ஒரு முழு இரவு விழித்திருந்து கேட்பது, நாடகக்கலை பற்றிய பல நூல்களைப் படிப்பதைவிடப் பயன்தரும்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இசை நாடகத்துக்கு வகுத்துத் தந்த அமைப்பையும் இதனோடு சேர்த்தே பயில வேண்டும். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்திய அவர், 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவருடைய மாணவர் தி.க. சண்முகம் பதிவுசெய்திருக்கிறார். இளம் எழுத்தாளர்கள் இதை வேகத்தின் பெருமையாக எடுத்துக்கொள்வது தவறு; வெண்பா, விருத்தம், சிந்து ஆகிய யாப்பு வகைகள் முன்பே நெஞ்சில் ஊறிக் கிடந்ததால்தான் கை ஓடியது. அவருடைய 'வள்ளி திருமணம்' இன்றும் ஸ்பெஷல் நாடகமாக, அதாவது ஒரே குழுவினர் அல்லாமல் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே பேசி அழைக்கப்பட்ட நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையில் சந்தித்து நடத்துவதாக, தென்மாவட்டங்களில் நிகழ்கிறது. நாயகனாக வரும் ராஜபார்ட்டும் நாயகியாக வரும் ஸ்திரீபார்ட்டும் தங்களுக்குள் நடத்தும் தர்க்கத்தை எவ்வளவு நீட்டினாலும் நாடகம் சிதறிவிடாமல் இருப்பதற்கு, இருவரும் அறிந்த பாட்டு வரிசை அடியில் ஓடுவதே காரணம். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை வழியே வளர்ந்த உரைநடை நாடகம் வேறொரு மரபு; தம்பியின் இப்போதைய தேவைக்கு அது உடனடியாக உதவாது.

எனவே மூன்று மணி நேர நாடகத்தை இப்போதைக்குப் பெட்டியில் வைத்துவிட்டு, ஒருவர் மற்றொருவரிடம் ஒன்றைக் கேட்டு மறுக்கப்படும் ஒரே கட்டத்தை மட்டும் பாட்டாக எழுதுவது நல்லது. பாட்டு தொடங்கும்போது இருந்த உறவு அது முடியும்போது மாறியிருக்க வேண்டும். எழுதியதை வட்டாரத்துக் கூத்து வாத்தியார் ஒருவரிடம் கொடுத்து, அவருடைய ஒரு பொழுதுக்கு உரிய கூலியையும் தயங்காமல் கொடுத்து, பாடிக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் தடுமாறும் இடங்களைக் குறித்துக்கொண்டு திருத்தலாம். அவர் தாமாக மாற்றிப் பாடும் இடங்களை வாதாடாமல் அப்படியே எழுதிக்கொள்ளலாம். அடுத்த படியை அனுப்பும்போது, பழைய நாடகப் புத்தகங்களில் அச்சிட்டிருப்பதைப் போல ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகமும் தாளமும் குறித்திருந்தால் படிப்பவருக்கு வசதியாக இருக்கும்.

அன்புடன்,
பெரியப்பா