ஆறெழுத்து மந்திரம்: கேள்வி-பதில்

கேள்வி: 'ஓம் மணி பத்மே ஹூம்' என்பதற்கு என்ன அர்த்தம்?
(வாசகி, ஈரோடு)

பதில்: மணி, தாமரை, முன்னும் பின்னும் இரண்டு பீஜ ஒலிகள். சொல் சொல்லாகப் பிரித்தால் இவ்வளவுதான் தேறும். யாரை நினைத்துச் சொல்வது என்று கேட்டிருக்கலாம். கருணையே உருவான அவலோகிதேசுவரரை. தலாய் லாமாவை அவருடைய அவதாரமாகவே திபெத்தியர்கள் வணங்குகிறார்கள்.

கேள்வி: லேயில் வாங்கிய கைச்சக்கரத்தை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும்?
(வாசகர், மதுரை)

பதில்: வலமாக. மீனாட்சி கோயில் பிராகாரம் சுற்றுகிற ஊர்க்காரருக்கு இதிலுமா சந்தேகம்? முதலில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே மந்திரம் அச்சிட்ட காகிதச் சுருள் இல்லையென்றால், நீங்கள் வாங்கி வந்தது கிலுகிலுப்பை.

கேள்வி: தினம் எத்தனை முறை சொன்னால் கடன் தீரும்?
(வாசகர், திருப்பூர்)

பதில்: கடன் தீர, தவணையை ஒழுங்காகக் கட்டுங்கள். எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான். வீடு அமையுமா, வேலை கிடைக்குமா, வாட்ஸ்அப்பில் வந்த எண்ணிக்கை சரியா? ஐயா, இது உங்களுக்காகக் கேட்கிற மந்திரமே அல்ல. தேவர், அசுரர், மனிதர், விலங்கு, பசித்த பேய், நரகர் என ஆறு பிறவிகளிலும் உழலும் உயிர்களுக்கு எழுத்துக்கு ஒன்றாகச் சொல்வது. மைசூருக்கு மேற்கே பைலகுப்பே திபெத்தியக் குடியிருப்புக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். வயதானவர்கள் மாலை உருட்டியபடியே விகாரையை வலம் வருவார்கள். 108 மணி உருட்டினாலும் நூறென்றே கணக்கு. மிச்சம் எட்டும் கவனம் தப்பிச் சொன்னதற்கு ஈடு. கடைசியில் அந்தப் புண்ணியத்தையும் எல்லா உயிர்களுக்கும் என்று தாரை வார்த்துவிட்டுத்தான் எழுவார்கள். உங்கள் கடனும் அதில் அடக்கம் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லடாக்கில் மணிச் சுவரிலிருந்து மந்திரம் செதுக்கிய கல் ஒன்றை எடுத்துவந்து பூஜையறையில் வைத்திருக்கிறேன். நல்லதுதானே?
(வாசகி, சென்னை)

பதில்: திருட்டு. யாரோ வேண்டிக்கொண்டு வைத்த கல் அது. அந்தப் பக்கம் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பி, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தீட்சை பெறாத தமிழர்கள் இதைச் சொல்லலாமா? உச்சரிப்பு பிசகினால் பாவமா?
(வாசகர், தென்காசி)

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். திபெத்தியர்களே 'பத்மே'யைப் 'பேமே' என்றுதான் சொல்கிறார்கள்; ஒரு பாவமும் வந்துவிடவில்லை. அவலோகிதர் நமக்கு அந்நியரும் அல்லர். அகத்தியர் தமிழ் கற்றதே அவரிடம் என்கிறது 11ஆம் நூற்றாண்டு வீரசோழியம். லாசாவின் பொத்தலா அரண்மனைக்குப் பெயர் தந்தது அவர் உறையும் பொத்தலகமலை. அது தென்னாட்டில், மலய மலைக்குக் கிழக்கே இருப்பதாக யுவான் சுவாங் எழுதினார். உங்கள் பொதிகைதான் அது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள்.