எல்லாம் இலவசம், பிறகும் ஏன்?

கேள்வி: அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, புத்தகம், சீருடை, மதிய உணவு எல்லாம் இலவசம். பிறகும் ஏழைப் பிள்ளைகள் படிப்பை ஏன் பாதியில் விடுகிறார்கள்?
– வாசகர், சேலையூர்

பதில்: பெரும்பாக்கம் உங்களுக்குப் பக்கம்தான், ஒருமுறை போய்ப் பாருங்கள். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்களைக் கல்வியாண்டின் நடுவிலேயே அங்கிருக்கும் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். பொதுத்தேர்வு நெருங்கிய நேரம் அது. பழைய பள்ளியை விட மனமில்லாத பிள்ளைகள் விடியலிலேயே எழுந்து கூட்டத்தில் முண்டியடித்து பஸ் ஏற வேண்டியிருந்தது. பஸ் பாஸ் இலவசம்தான். சாலையில் கரையும் நேரத்தை யார் திருப்பித் தருவது? அம்மா வீட்டு வேலைக்குப் பழைய பேட்டைக்கே போய்விட்டால், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் வீட்டிலேயே நின்றுவிடுகிறாள்.

பயணம் எளிதானால் படிப்பு தொடரும் என்பதற்குச் சான்று உண்டு. பீகாரில் 2006-ல் தொடங்கிய, மாணவிகளுக்கான சைக்கிள் திட்டத்தைப் பொருளியல் ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் 32 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

குடும்பங்களை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஆண்டுத் தேர்வு முடியும்வரை அரசு பொறுக்கட்டும். முதலில் பக்கத்தில் பள்ளியைத் திறக்கட்டும். வீட்டுச் சாவியைப் பிறகு கொடுக்கட்டும்.