அருங்காட்சியகத்தில் ஒரு தமிழ் வகுப்பு

தில்லி ஜன்பத் சாலையில் அமைந்துள்ள தேசிய அருங்காட்சியகத்தின் இன்றைய கட்டடம் 1960ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் திறக்கப்பட்டது. தலைநகரில் தமிழை விருப்பப் பாடமாகப் பயிலும் எட்டாம் வகுப்பு மாணவர்களை அங்கு அழைத்துச் சென்ற ஆசிரியை, அவர்களுக்கு ஒரே ஒரு பணியைத் தந்தார். விரும்பிய ஒரு பொருளின்முன் பத்து நிமிடம் நிற்க வேண்டும். பெயர்ப்பலகையைப் படியாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் ஐந்து தொடர்களில் தமிழில் எழுத வேண்டும். பலகையைப் படிப்பது அதன் பின்னரே.

பணி எளியதாகவே தோன்றியது.

மொகஞ்சதாரோவில் 1926ஆம் ஆண்டு கிடைத்த வெண்கலப் பெண்ணுருவை ஒரு மாணவி தேர்ந்தெடுத்தாள். வரலாற்றுப் புத்தகத்தில் பார்த்த படத்தால் அது பெரிய சிலை என்றே எண்ணியிருந்தாள். நேரில் அதன் உயரம் 10.5 செ.மீ. மட்டுமே. 'ஒரு பெண் நடனம் ஆடுகிறாள்' என்று முதல் தொடரை எழுதினாள்.

"நடனம் எங்கே தெரிகிறது, அம்மா?" என்று கேட்டார் ஆசிரியை.

மாணவி மீண்டும் பார்த்தாள். வலக்கை இடுப்பில் ஊன்றியிருந்தது. இடக்கை முழுவதும் வளையல்கள், வலக்கையில் நான்கே. முகம் சற்று நிமிர்ந்திருந்தது. கீழே பார்த்தவள் வியந்தாள். "டீச்சர், ஆடும் பாதங்களே இல்லையே! உடைந்துபோயிருக்கின்றன!"

'நடனப் பெண்' என்பது அகழ்ந்தெடுத்த பின்னர் இக்காலத்தார் இட்ட பெயர். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் அவ்வுருவை வார்த்தவர்கள் அவளை எப்பெயரால் அழைத்தனர் என்பது தெரியாது. சிந்துவெளி எழுத்துகளும் இன்னும் ஐயமறப் படிக்கப்படவில்லை. அவள் ஆடுபவளாகவும் இருக்கலாம். ஆனால் 'ஆடுகிறாள்' என்பது கண்டவர் கூற்று. 'ஆடுபவள் போலும்' என்பது ஊகிப்பவர் கூற்று. 'ஆடுபவள் என்பர்' என்பது கேட்டதைச் சொல்பவர் கூற்று. ஒரு செய்தியை நாம் எவ்வாறு அறிந்தோம் என்பதைத் தமிழில் தொடரின் இறுதிச் சொல்லே காட்டிவிடும். நாள்தோறும் பேசும் மொழியில் இவ்வளவு நுட்பம் இருப்பதை அன்றுதான் பலர் கவனித்தனர்.

வெண்கலக் கூடத்தில் திருவரங்குளம் நடராசர் திருமேனி இருந்தது. புதுக்கோட்டைப் பகுதியைச் சேர்ந்த சோழர் காலப் படைப்பு அது. அதன்முன் நின்ற ஒரு மாணவன் தயக்கமின்றி, 'இடக்காலைக் குறுக்கே தூக்கி ஆடுகிறார்' என்று எழுதினான். அவன் வீட்டுப் பூசையறைப் படத்தில் அவ்வாறுதான் உள்ளது. இத்திருமேனியிலோ இரு முழங்கால்களும் மடங்கியுள்ளன. இடக்கால் உடலின் குறுக்கே வீசப்படவில்லை. இந்நிலையைச் சதுர தாண்டவம் என்பர். அவன் கைக்குத் தொடரைத் தந்தது நினைவே, கண் அன்று. நன்கு அறிந்த பொருளை எழுதுவதுதான் கடினம் போலும்!

மொகஞ்சதாரோப் பெண்ணுக்கும் இந்நடராசருக்கும் இடையே 3,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. எனினும் இரண்டும் மெழுகு வார்ப்பு முறையில் உருவானவை. முதலில் மெழுகால் உருவம் செய்வர். அதன்மேல் களிமண் பூசி உலர்த்திச் சூடாக்க, மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். ஆறியபின் மண்ணை உடைத்தே உருவத்தை எடுக்க இயலும். ஆகவே அதே மண்கூட்டில் இன்னொன்றை வார்க்க முடியாது. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் தபதிகள் இம்முறையில் வார்க்கின்றனர். இதை விளக்கும்போது ஒருவன் நாவில் 'சாஞ்சா' என்னும் இந்திச் சொல்லே முதலில் வந்தது. 'அச்சு' என்று அருகிலிருந்தவள் எடுத்துக்கொடுத்தாள்.

இறுதியில் பெயர்ப்பலகைகளைப் படித்தனர். பலகை சொல்லாத ஒன்று நடராசரைப் பார்த்த மாணவனின் ஏட்டில் இருந்தது. 'சிலை' என்று எழுதியதை அடித்துவிட்டுத் 'திருமேனி' என்று மாற்றியிருந்தான். "கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுதச் சொன்னீர்களே, டீச்சர். இந்தச் சொல் சரியா?" என்று கேட்டான். சிலை என்பது பொருளைக் குறிக்கும். திருமேனி என்பது வழிபடுவோரின் பார்வையையும் சேர்த்துக் குறிக்கும். ஆசிரியை உடனே விடை கூறவில்லை. அவ்வினாவை வகுப்பிற்கே விட்டார்.

பயிற்சி

1. 'தெரிகிறது', 'போலும்', 'என்பர்' ஆகியவற்றை இறுதியாகக் கொண்டு, உங்கள் வகுப்பறையில் உள்ள ஒரு பொருளைப் பற்றி மூன்று தொடர்கள் எழுதுக.

2. 'நடனப் பெண்' என்னும் பெயருக்கு மாற்றாகக் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் உணர்த்தும் ஒரு பெயர் தருக. காரணம் கூறுக.

3. அருங்காட்சியகப் பலகையில் 'சிலை', 'திருமேனி' ஆகியவற்றுள் எச்சொல்லை எழுதலாம்? இரு அணியாகப் பிரிந்து உரையாடுக.