சூடு வெளியே போக வழி விடுங்கள்

வீட்டில் ஐந்து கேலன் பீர் காய்ச்ச இரண்டு லட்சம் பி.டி.யு. பர்னர் தேவையில்லை. எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, அதனால் நான் முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் பெரிய பர்னர்தான் நேரத்தை மிச்சப்படுத்தும் என்றார். பர்னருக்கு ஸ்டாண்டு செய்து கொடுத்த வெல்டர் நாலு பக்கமும் தகடு வைத்து மூடினால் சூடு வீணாகாது என்றார். கூடவே காய்ச்சுகிற நண்பர், "மச்சி, ரெகுலேட்டரைக் குறைச்சு வெச்சாப் போதும், இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கிறியே" என்றார். மூன்று பேரும் சொன்னது தப்பு. அந்தத் தப்புக்கு விலை கொடுத்தது நான்.

நான் இருப்பது டெக்ஸஸில். அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்குப் பீர் காய்ச்ச 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழி செய்தது. பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் வருடத்துக்கு 100 கேலன், இரண்டு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

காய்ச்சும் முறையை நான் விவரிக்கப் போவதில்லை. மால்ட்டை 67 டிகிரி செல்சியஸில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாப் புத்தகத்திலும் இது இருக்கிறது. அந்தச் சாற்றை இங்கே வோர்ட் என்பார்கள். என் பாத்திரம் பதினைந்தரை கேலன் ஸ்டீல் கெக், அதாவது பீர்ப் பீப்பாய், மேல்மூடியை வட்டமாக அறுத்தெடுத்தது. வோர்ட்டை வடிக்க அதில் ஒரு வால்வு. கெக்கை விலை கொடுத்து முறையாக வாங்குங்கள். டெபாசிட் கட்டி எடுத்து வருகிற கெக் மதுவாலைக்குச் சொந்தம்; டெபாசிட்டை விட்டுக்கொடுத்தால் அது நம்முடையது ஆகிவிடாது.

இப்போது கணக்கு. பி.டி.யு. என்பது வெப்பத்தின் அலகு; பர்னரில் போட்டிருப்பது ஒரு மணி நேரத்துக்கான அளவு. ஐந்து கேலன் பீருக்குக் கொதிக்கத் தொடங்கும்போது ஏறத்தாழ 26 லிட்டர் வோர்ட் இருக்கும். ஒரு மணி நேரக் கொதியில் ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் ஆவியாகும். அதற்குத் தேவையான வெப்பம் சுமார் 8,100 பி.டி.யு.தான். பர்னர் கொடுப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் பாத்திரத்துக்குள் போகிறது என்று வைத்துக்கொண்டாலும், கொதியைப் பிடித்து நிறுத்த மணிக்கு 25,000 போதும். 67-லிருந்து 100 டிகிரிக்குக் கால் மணி நேரத்தில் ஏற்ற வேண்டும் என்று அவசரப்பட்டால்கூட மணிக்கு நாற்பதாயிரத்தை ஒட்டித்தான் வருகிறது. 60,000 பி.டி.யு. பர்னர் தாராளம். என்னிடம் விற்கப்பட்டது பத்து அங்குல வார்ப்பிரும்பு பர்னர், அட்டையில் இரண்டு லட்சத்துக்கு மேல் போட்டிருந்தது. மிச்சச் சூடெல்லாம் எங்கே போகும் என்று கடைக்காரரும் சொல்லவில்லை, அட்டையிலும் இல்லை.

அந்த மிச்சச் சூடு பாத்திரத்தின் பக்கவாட்டில் மேலே ஏறுகிறது. ஏறும் வழியில் வால்வு, தெர்மாமீட்டர், ஹோஸ், கண்ணாடிக் குழாய் என்று எது இருந்தாலும் சுடுகிறது.

என் ஸ்டாண்டில் அதற்கு மேலும் ஒரு கேடு நடந்தது. வெல்டர் நாலு பக்கமும் தகடு அடித்து, கெக்கின் விளிம்பு இடைவெளியில்லாமல் உட்காரும்படி மேலே ஒரு வளையமும் வைத்துவிட்டார். முன்பக்கத்தில் வால்வு வெளியே நீட்டிக்கொண்டிருக்க மட்டும் ஒரு வெட்டு. உள்ளே எரிகிற வாயு வெளியேற அந்த வெட்டைத் தவிர வேறு வழி இல்லை. புகைபோக்கியின் வாயில் வால்வை வைத்ததற்குச் சமம் இது. அவர் இரும்பு வேலையில் கெட்டிக்காரர், பற்றுவைப்பு ஒவ்வொன்றும் அழகாக இருந்தது. ஆனால் தீ மூச்சுவிட வேண்டும் என்பது அடுப்பு செய்கிற எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய பாடம். வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "சூட்டை வெளியே விட்டால் கேஸ் செலவு உங்களுக்குத்தானே" என்று பதில் வந்தது.

கடைசி ஹாப்ஸ் போட்டு, அணைக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. வால்வின் கைப்பிடியில் மாட்டியிருந்த நீல உறை இளகி, நுனியில் கனத்துத் தொங்கி, சொட்டாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கெக்கின் துளையில் வால்வைப் பிடித்திருக்கும் நட்டின் ஓரத்தில் ஒரு ஈரக்கோடு தெரிந்தது. அங்கே இருப்பது சிலிக்கோன் ஓ-ரிங். நல்ல சிலிக்கோன் இருநூறு டிகிரி வரை தாங்கும். பர்னரிலிருந்து நேராக வருகிற வாயு அதைவிடப் பல மடங்கு சூடு. ஓ-ரிங் கருகிப் பொடிந்துவிட்டது. ஈரக்கோடு சொட்டாகி, சொட்டு தாரையாகி, கொதிக்கிற சர்க்கரைச் சாறு சிவந்த வார்ப்பிரும்பின் மேல் விழுந்து சீறியது. சிலிண்டரை மூடிவிட்டுத் தள்ளி நின்றேன். வால்வு இருப்பது பாத்திரத்தின் அடியில், அதனால் அதற்கு மேலே இருந்த வோர்ட் முழுவதும் தரையில் போயிற்று. முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்ததால் தப்பித்தேன். மறுநாள் காலையில் அந்தக் கான்கிரீட் முழுக்க நெருப்பெறும்பு. டெக்ஸஸில் இருப்பவர்களுக்கு அது என்ன தொல்லை என்று தெரியும்.

"குறைச்சு வெச்சாப் போதும்" என்ற நண்பரின் பேச்சுக்கு வருகிறேன். நிறையப் பேர் இதைத்தான் நம்புகிறார்கள். ஹை பிரஷர் பர்னரில் கேஸ் வேகமாகப் பாயும்போதுதான் தனக்கு வேண்டிய காற்றை இழுத்துக்கொள்ளும். பிரஷரை ரொம்பக் குறைத்தால் பாய்ச்சலின் வேகம் போய், காற்றும் குறைந்து, நீலத் தீ மஞ்சளாகிறது. கெக்கின் அடியில் கரி அப்புகிறது. இன்னும் குறைத்தால் சின்னக் காற்றுக்கே அணைகிறது. சில நேரம் தீ பின்வாங்கிக் குழாய்க்குள்ளேயே எரிகிறது. பர்னரின் காற்றுவாய் மூடியை எவ்வளவு திருகினாலும் ஓரளவுக்குத்தான் சரியாகும். பெரிய பர்னரை அடக்கி வைத்து வேலை வாங்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். நான் மாற்றினேன்.

ஸ்டாண்டில் செய்ததைச் சொல்கிறேன். பின்பக்கத் தகட்டை முழுக்க அறுத்து எடுத்தேன். மேல் வளையத்தின் மேல் மூன்று ஆங்கிள் துண்டுகள் வைத்து, கெக்கின் விளிம்புக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி விட்டேன். முன்பக்க வெட்டை ஒரு ஸ்டெயின்லெஸ் தகட்டை வளைத்து மறைத்தேன். அந்தத் தகடு கெக்கைத் தொடாமல் ஒரு விரல் தள்ளி நிற்கிறது, தொட்டால் தகடே சூட்டைக் கடத்திக் கொண்டுவரும். வால்வை நேராகக் கெக்கில் மாட்டாமல் நாலு அங்குல நீள நிப்பிளில் வெளியே தள்ளினேன். இப்போது வாயு பின்னால் போகிறது, வால்வு முன்னால் இருக்கிறது. பர்னருக்கும் கெக்கின் அடிக்கும் நாலைந்து அங்குலம். நீலத் தீயின் நுனி அடியைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பளபளக்கும் ஸ்டீலின் மேல் அது குறைத்துக் காட்டும். வால்வின் பக்கத்தில் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டில் அளந்து பாருங்கள். பாத்திரத்தில் மாட்டியிருக்கும் டயல் தெர்மாமீட்டரையும் முன்புபோல் நம்ப வேண்டாம். பக்கவாட்டுச் சூடு அதன் முகத்தில் அடித்தால் உள்ளே இருக்கும் நிஜச் சூட்டை அது காட்டாது. மால்ட் ஊறும்போது ஐந்து டிகிரி ஏறினாலே பீரின் கனமே மாறிவிடும், நொதிகள் அவ்வளவு நுட்பமானவை. பெரிய வார்ப்பிரும்பு பர்னர் அணைத்த பிறகும் சூடு விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஊறல் பாத்திரத்தை நேரடித் தீயில் சூடாக்கினால், வேண்டிய அளவுக்கு இரண்டு டிகிரி முன்பே அணைத்துவிட்டுக் கிளறுங்கள்.

கேஸை விட்டு மின்சாரத்துக்கு மாறச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 5,500 வாட் எலிமென்ட் ஒன்று மணிக்குக் கிட்டத்தட்ட 18,800 பி.டி.யு.தான் கொடுக்கிறது. ஆனால் அது வோர்ட்டுக்குள்ளேயே இருப்பதால் சூடு வீணாவதில்லை, அதிலேயே இந்த அளவு வோர்ட் நன்றாகக் கொதிக்கிறது. என் கணக்கு சரி என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அதற்கு 240 வோல்ட் தனி லைன் வேண்டும். வாடகை வீட்டில் அதை யார் போட்டுக் கொடுப்பார்கள்? என் நிலைமையில் இருக்கிற எவருக்கும் கேஸ்தான் வழி, அதைச் சரியாக வைத்துக்கொண்டால் அதில் ஒரு குறையும் இல்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்டுக்கு கால்வனைஸ்டு குழாய் எங்கேயும் வேண்டாம், சூட்டில் துத்தநாகப் புகை வரும், காய்ச்சல் வரும். நுரை எழும்பும் நேரத்தில் பக்கத்தை விட்டு நகராதீர்கள். கராஜுக்குள் காய்ச்சாதீர்கள். இங்கே டெக்ஸஸில் பல வீடுகளில் கேஸ் வாட்டர் ஹீட்டர் கராஜில்தான் இருக்கிறது. புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படிந்து அந்த ஹீட்டரின் தீயைத் தேடிப் போகும். கார்பன் மோனாக்சைடு வாடையே இல்லாமல் ஆளை வீழ்த்தும். அடுப்பை வெளியே டிரைவ்வேயில் வையுங்கள்.

ஸ்டாண்டு செய்யக் கொடுக்கப் போகிறவர்கள் படத்தில் பர்னரையும் வால்வையும் வரைந்த கையோடு, எரிந்த வாயு எந்தப் பக்கம் வெளியேறும் என்று ஒரு அம்புக்குறியும் போட்டுக் கொண்டுபோங்கள். அந்தப் பக்கத்தை மூட வேண்டும் என்று வெல்டர் அடம்பிடித்தால், வேறு வெல்டரைப் பாருங்கள்.