விருந்தாளிகளோடு இங்கிலாந்து கிராமம் பார்க்க... அக்காவின் டிப்ஸ்!

அன்புத் தங்கைக்கு,

பதினெட்டு வருஷம் நியூஜெர்சியில் இருந்துவிட்டு, அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் குடிவந்தவள் நான். வந்த நாளிலிருந்து வீட்டில் விருந்தாளிகளுக்குக் குறைவில்லை. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் லண்டனை இரண்டு நாளில் முடித்துவிட்டு, "சினிமாவில் வருகிற மாதிரி ஒரு கிராமம் காட்டுங்க" என்று கேட்பார்கள். முதலில் வந்தவர்களை ஒரே நாளில் ஆறு ஊருக்குக் கூட்டிப்போனேன். ராத்திரி சாப்பிடும்போது எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்று ஒருவருக்கும் நினைவில்லை. பார்க்கிங் தேடி அலைந்ததுதான் மனதில் நின்றது. இப்போது நீயும் இங்கே குடிவந்திருக்கிறாய். அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும்

விருந்தாளிகள் கேட்கிற அந்த மாதிரிக் கிராமங்கள் இருக்கும் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதி சின்ன இடமில்லை. 1966-ல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட இது, 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது. அமெரிக்க ஹைவேயில் 20 மைல் என்றால் இருபது நிமிஷம். இங்கே வளைந்து வளைந்து போகிற கிராமத்துச் சாலையில் அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம். காலையில் ஒரு ஊர், மதியம் சாப்பாடு, பிறகு ஒரு நடை. இதற்கு மேல் திட்டம் போடாதே.

2. வந்து இறங்கிய அன்று ஸ்டியரிங்கைக் கொடுக்காதே

ராத்திரி முழுக்கத் தூங்காமல் விமானத்தில் வந்தவரிடம் இடதுபக்கச் சாலையை ஒப்படைக்கக் கூடாது. அவர்களே கார் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், புக் செய்யும்போதே 'ஆட்டோமேட்டிக்' என்று கேட்கச் சொல். கேட்காவிட்டால் பெரும்பாலும் கியர் வண்டிதான் வரும். வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை இருந்தால், நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில் மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்று அர்த்தம். அது உச்ச வரம்புதான். இருபக்கமும் புதர்வேலி உயர்ந்து நிற்கிற ஒற்றைத்தடச் சந்தில் 20-க்கு மேல் போகவே மனம் வராது. எதிரே வண்டி வந்தால், ஒதுங்க இடம் இருப்பவர் ஒதுங்குவார். வழி விட்டவருக்குக் கை உயர்த்தி நன்றி சொல்வது இங்கே கட்டாய மரியாதை. போன் சிக்னல் அடிக்கடி போய்விடும், மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்.

கார் வேண்டாம் என்றால் லண்டன் பேடிங்டனிலிருந்து காட்ஸ்வோல்ட்ஸில் இருக்கும் மோர்ட்டன்-இன்-மார்ஷுக்கு நேரடி ரயில் உண்டு. சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம். செவ்வாய்க்கிழமை போனால் அங்கே வாரச்சந்தையும் பார்க்கலாம்.

3. வயலுக்குள் நடக்கலாம், பயம் வேண்டாம்

அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கவே தயங்குவார்கள். இங்கே சட்டமே வழி விட்டிருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 2,25,000 கிலோமீட்டர் நீளத்துக்குப் பொதுவழிகள் உண்டு. மஞ்சள் அம்பு போட்டிருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும்கூடப் போகலாம்.

மூன்று விதிகளைக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடு. கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும். திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. கன்றோடு நிற்கும் பசுவைச் சுற்றி விலகிப் போக வேண்டும். கூட நாய் இருந்து மாடு துரத்தினால், நாயின் கயிற்றை விட்டுவிட்டு நாம் நகர்ந்துவிட வேண்டும்.

முதல் நடைக்கு அப்பர் ஸ்லாட்டர் கிராமத்திலிருந்து லோயர் ஸ்லாட்டருக்குக் கூட்டிப்போ. ஓடையை ஒட்டி ஒரு மைல்தான், வயதானவர்களும் மெதுவாக நடந்துவிடலாம். 'ஸ்லாட்டர்' என்றால் கசாப்பு என்று நினைத்துக் குழந்தைகள் மிரளுவார்கள். கசாப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சேற்று நிலத்தைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். அதற்கேற்ப, மழை பெய்தால் வழியெல்லாம் சேறுதான். வெள்ளை ஷூ வேண்டாம் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடு.

4. அவர்கள் நாட்டுக் கதையைச் சொல்

வெறும் கல்வீடு அரை மணி நேரத்தில் அலுத்துவிடும், கதை இருந்தால் நிற்பார்கள். பிராட்வே கிராமத்தில் 1880-களில் அமெரிக்க ஓவியர்கள் கூடித் தங்கி வரைந்தார்கள். ஜான் சிங்கர் சார்ஜென்ட், தோட்டத்தில் இரண்டு சிறுமிகள் காகித விளக்கு ஏற்றுகிற புகழ்பெற்ற ஓவியத்தை 1885, 86-ல் அங்கேதான் தீட்டினார். மாலை வெளிச்சம் சரியாக விழும் சில நிமிஷங்களில் மட்டும் வரைந்ததால் இரண்டு வருஷமும் இலையுதிர்காலம் வரை இழுத்தது. அந்தப் படம் இப்போது லண்டன் டேட் பிரிட்டனில் இருக்கிறது.

அருகிலேயே ஹிட்கோட் தோட்டம். 1907-ல் அந்த இடத்தை வாங்கியவர் ஓர் அமெரிக்கத் தாய். அவர் மகன் லாரன்ஸ் ஜான்ஸ்டன் புதர்வேலிகளையே சுவராக வைத்து, அறை அறையாகத் தோட்டம் அமைத்தார். வெளிநாட்டில் குடியேறிய ஒரு குடும்பம் அந்த மண்ணுக்குத் தந்த சொத்து அது. நம் விருந்தாளிகள் அங்கே மனம் ஒன்றிப் போவார்கள்.

5. சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடாதே

கிராமத்துப் பப்களில் பல, மதியம் இரண்டு, இரண்டரைக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடும். ஞாயிறு மதியம் ரோஸ்ட் சாப்பிட ஊரே திரளும், முன்பதிவு அவசியம். சைவம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால் போனில் கேட்டுக்கொண்டு கிளம்பு. பல இடங்களில் கவுன்டருக்குப் போய், டேபிள் நம்பர் சொல்லித்தான் ஆர்டர் கொடுக்க வேண்டும். இன்னொன்று, பீர் அளக்கிற பைன்ட் அமெரிக்காவில் 473 மில்லி, இங்கே 568. கார் ஓட்டுகிறவர் பீரைத் தொடவே வேண்டாம்.

6. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே

2025 ஜனவரி 8 முதல் அமெரிக்கப் பாஸ்போர்ட்காரர்கள் ஈ.டி.ஏ. என்ற அனுமதியை ஆன்லைனில் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். ராயல் ஓக் ஃபவுண்டேஷன் என்ற அமெரிக்க அமைப்பில் உறுப்பினரானால், இங்கே பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட்டின் இடங்களுக்கு இலவச அனுமதி உண்டு. நாலைந்து தோட்டம், மாளிகை பார்க்கிறவர்களுக்கு லாபம். ஜூனில் ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், நடையைக் காலையிலேயே வைத்துக்கொள். எந்த மாதமானாலும் மழைக்கோட்டு பையில் இருக்கட்டும்.

7. அது அவர்கள் வீட்டு வாசல்

பிபரி கிராமத்தில் ஆர்லிங்டன் ரோ என்ற வீட்டு வரிசை இருக்கிறது. 1380-ல் கம்பளி வைக்கக் கட்டிய கிடங்கு, பிறகு நெசவாளர் வீடுகளானது. இன்றும் ஆட்கள் குடியிருக்கிற வீடுகள் அவை. ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும், வாசற்படியில் உட்கார்ந்து போட்டோ எடுப்பதும் வேண்டாம். நம் வீட்டுத் திண்ணையில் முன்பின் தெரியாதவர்கள் அப்படி வந்து உட்கார்ந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

கடைசியாக ஒன்று. விருந்தாளி வருகிற வாரத்துக்கு முன்பே, நீ கூட்டிப்போகப்போகிற பாதையை ஒரு தடவை தனியாக நடந்து பார்த்துவிடு. சேறு எங்கே, பாத்ரூம் எங்கே, அம்மா வயதுக்காரர்கள் உட்கார பெஞ்ச் எங்கே என்று உனக்குத் தெரிந்திருந்தால், உன்னோடு வருகிறவர்கள் கவலையில்லாமல் நடப்பார்கள்.