மாதர் நலம்: கூச்சமின்றிச் செய்துகொள்ளும் சோதனை

பொழுது புலருமுன் மரம் சீவப் புறப்படும் நம் தாய்மார்கள், தம் உடல்நலத்தைக் கடைசியாகவே எண்ணுகின்றனர். கருப்பை வாய்ப் புற்றுநோயோ தொடக்கத்தில் வலியின்றி வளர்வது. ஆகவே, நோயின் அறிகுறி தோன்றும் முன்னரே சோதித்துக் கொள்வது அவசியம்.

‘பாப் ஸ்மியர்’ சோதனை நம் நாட்டில் 1969 முதல் இருந்து வருகிறது. எனினும் அதனைச் செய்துகொள்ளாத மாதர் பலர். கிளினிக் தொலைவில் இருக்கும். சென்றால் ஒரு நாள் சம்பளம் போகும். எல்லாவற்றிற்கும் மேலாகக் கூச்சம் தடுக்கும். இவற்றை அறியாமை என்று ஒதுக்குவது முறையன்று. பட்டணத்துப் பெண்ணுக்குக் கிட்டும் வாய்ப்பு தோட்டத்துப் பெண்ணுக்கும் கிட்ட வேண்டும்.

அதற்கு இன்று வழி பிறந்துள்ளது. இந்நோயை உண்டாக்குவது, உடலுறவின் வழி தொற்றும் எச்.பி.வி. என்னும் கிருமி. பத்தில் ஏழு பேருக்கு இந்நோய் வர அதன் 16, 18ஆம் வகைகளே காரணம். பாப் ஸ்மியருக்குக் கருப்பை வாயிலிருந்து மருத்துவரோ தாதியோ உயிரணுக்களை எடுக்க வேண்டும். புதிய சோதனையோ கிருமியையே தேடுகிறது. அக்கிருமி பிறப்புவழியிலும் கிடைக்கும். எனவே, பெண்கள் தாமே மறைவிடத்தில் மென்மையான பஞ்சுக் குச்சியைப் பிறப்புவழியில் செலுத்தி, மெல்லச் சுழற்றி எடுத்து, குழாயிலிட்டுக் கொடுத்துவிடலாம். முறையாக எடுத்தால், மருத்துவர் எடுத்த மாதிரிக்கு அது ஈடாகும்.

2018இல் மலாயாப் பல்கலைக்கழகமும் ஓர் ஆஸ்திரேலிய அறநிறுவனமும் தொடங்கிய ‘ரோஸ்’ திட்டம், இம்முறையுடன் முடிவைக் கைத்தொலைபேசியில் அறிவிக்கும் வசதியையும் இணைத்தது. 30 வயது முதல், 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை இச்சோதனையைச் செய்துகொள்ளுமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது.

கிருமி இருப்பதாக முடிவு வந்தால் கலங்க வேண்டாம். அது புற்றுநோய் என்று பொருளன்று. பெரும்பாலோரிடம் கிருமி தானே மறைந்துவிடும். நிலைத்து நின்றாலும், புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அதற்குள் கண்டால் தடுத்துவிடலாம். ஆதலால், மேல்சோதனைக்கு அழைத்தால் தவறாமல் செல்ல வேண்டும். அதற்குச் செல்லாவிடில், முதற் சோதனையால் பயனில்லை.

கணவன்மாருக்கும் ஒரு சொல்: இக்கிருமி உடலில் பல ஆண்டுகள் மறைந்திருக்கக் கூடியது. ஆகவே, மனைவியின் ஒழுக்கத்தை ஐயுறுதல் அநீதியாகும். அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அவரை மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பதே கடமை.

காலமல்லாக் காலத்திலோ, மாதவிடாய் நின்ற பின்னரோ, உறவுக்குப் பின்னரோ இரத்தம் கண்டால், இச்சோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைக் காண்க.

குடும்பத்தின் நலம் தாயின் நலத்தில் இருக்கிறது. அடுத்த முறை கிளினிக் செல்லும்போது, இச்சோதனையைப் பற்றித் தாதியிடம் கேட்போமாக.