பெரியாற்று நீரும் கூட்டாட்சியும்

மதுரைக்கு வடகிழக்கே மேலூர்ப் பகுதியில் நாற்றங்காலுக்கு நீரை எதிர்நோக்கியிருக்கும் உழவர், நாளிதழைக் கையில் எடுத்ததும் பெரியாற்று அணையின் நீர்மட்டம் எத்தனை அடி என்றே பார்ப்பார். அவ்வணையோ அவர் ஊரிலும் இல்லை. அவர் மாநிலத்திலும் இல்லை. கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், மலைக்காட்டினிடையே அமைந்துள்ளது. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்த பெரியாற்றைப் பென்னிக்குவிக் என்னும் பொறியாளர் தடுத்து நிறுத்தினார். மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நீர் கிழக்கு நோக்கித் திரும்பிற்று. 1895ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அவ்வணையின் நீர் வையையில் கலந்து, பேரணையிலிருந்து கால்வாய் வழியே மேலூர் வரை பாய்கின்றது. வானம் பார்த்த நிலம் நெல் விளையும் நிலமாயிற்று.

இந்நீருக்கு அடிப்படை 1886ஆம் ஆண்டின் உடன்படிக்கை. திருவிதாங்கூர் மன்னர் ஏறத்தாழ 8,000 ஏக்கர் நிலத்தை, ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு 5 ரூபாய் வாடகையில், 999 ஆண்டுகளுக்கு ஆங்கில அரசுக்குக் குத்தகைக்கு விட்டார். மன்னராட்சியும் மறைந்தது, ஆங்கிலேயரும் வெளியேறினர். 1956இல் மாநிலங்கள் மொழிவழி திருத்தியமைக்கப்பட்டபோது, அணை நிற்கும் நிலம் கேரளத்தில் அமைந்தது; அணையின் பொறுப்பும் நீரின் பயனும் தமிழகத்தைச் சார்ந்தன. 1970இல் இரு மாநிலங்களும் உடன்படிக்கையைப் புதுப்பித்து, வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தின.

1979இல் அணையின் வலிமை குறித்து ஐயம் எழுந்தது. 152 அடி வரை தேக்கிய நீர் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. தமிழகம் அணையைப் பலவாறு வலுப்படுத்தியபின், மட்டத்தை உயர்த்தக் கேட்டது, கேரளம் மறுத்தது. அணைக்குக் கீழே இலட்சக்கணக்கானோர் வாழ்கின்றனர். அணை உடைந்தால் என்னாவது என்பது அவர்தம் அச்சம். கண்மாய் வறண்டால் என்னாவது என்பது நம்மவர் அச்சம். இவ்விரண்டில் எதனையும் எள்ளி நகையாடுதல் முறையன்று.

இவ்வழக்கைத் தீர்ப்பவர் யார்? முடியாட்சிக் காலமாயின் படை திரண்டிருக்கும். கூட்டாட்சியில் அதற்கு இடமில்லை. நடுவணரசும் மாநில அரசுகளும் தத்தமக்கு வகுத்த எல்லைக்குள் ஆள்வதே கூட்டாட்சி. அவ்வெல்லையை வகுப்பது, எவ்வரசும் தன் விருப்பம்போல் மாற்றவியலாத எழுதப்பட்ட அரசியலமைப்பாகும். அமெரிக்கர் 1787இல் பிலடெல்பியா நகரில் கூடி இத்தகைய அரசியலமைப்பை எழுதினர். மாநிலங்களுக்கிடையே எழும் வழக்கை உச்ச நீதிமன்றம் நேரே விசாரிக்கலாம் என்றும் அதில் விதித்தனர். ஆயினும் பழைய வழக்கம் எளிதில் விடுவதில்லை. 1934இல், கொலராடோ ஆற்று நீரைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுசெல்ல அணை கட்டத் தொடங்கியபோது, அரிசோனா மாநில ஆளுநர் ஆற்றங்கரைக்குப் படைவீரரையே அனுப்பினார்! அதே அரிசோனா 1952இல் கலிபோர்னியாவின்மீது உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1963இல் வெளிவந்த தீர்ப்பு பெரும்பாலும் அதற்குச் சாதகமாயிற்று.

நம் அரசியலமைப்பின் 131ஆம் உறுப்பும் உச்ச நீதிமன்றத்துக்கு அத்தகைய அதிகாரத்தை அளிக்கின்றது. 2006 பிப்ரவரி 27இல் அந்நீதிமன்றம், நீரை 142 அடி வரை தேக்கலாம் எனத் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம், 136 அடிக்கு மேல் தேக்கலாகாது என்று சட்டம் இயற்றியது. இங்கே நுண்ணிய வினா ஒன்று பிறக்கின்றது. சட்டமன்றம் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம். நீதிபதிகளையோ மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் மன்றத்தின் சொல்லே மேலானது அன்றோ?

தமிழகம் 131ஆம் உறுப்பின்படி வழக்குத் தொடுத்தது. வல்லுநர் குழு அணையை ஆராய்ந்து, அது பாதுகாப்பானது என அறிக்கை அளித்தது. எட்டாண்டுகள் கழிந்தபின், 2014 மே 7இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு விடை கூறியது. சட்டம் இயற்றுதல் சட்டமன்றத்தின் தொழில். இருவர்க்கிடையே எழுந்த வழக்கில் உண்மையை ஆராய்ந்து முடிவு கூறுதல் நீதிமன்றத்தின் தொழில். அணை பாதுகாப்பானது என்று நீதிமன்றம் முடிவு செய்தபின், அன்று என்று சட்டமன்றம் அறிவித்து அத்தீர்ப்பை அழித்தல் அதிகாரப் பிரிவினைக்கு முரணானது. ஆதலின் அச்சட்டம் செல்லாது என்பதே தீர்ப்பின் சாரம். வழக்கில் தோற்றவர் தாமே நீதிபதியாகித் தமக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிக்கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்? நாளை தமிழகச் சட்டமன்றம் அவ்வாறு செய்யினும் இவ்விதியே அதனையும் கட்டுப்படுத்தும்.

அத்தீர்ப்பு கேரளத்தின் அச்சத்தையும் புறக்கணிக்கவில்லை. பழைய 152 அடி உடனே திரும்பவில்லை. 142 அடியே எல்லையாயிற்று. அணையைக் கண்காணிக்க மூவர் குழு ஒன்றும் ஏற்பட்டது: தலைவர் நடுவண் நீர்க்குழுமத்தைச் சார்ந்தவர், மற்ற இருவருள் ஒருவர் தமிழகத்தவர், ஒருவர் கேரளத்தவர். அவ்வாண்டு நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது. வழக்குகள் அதன் பின்னும் எழுந்தன. புதிய அணை வேண்டும் என்னும் கேரளத்தின் கோரிக்கையும் ஓயவில்லை. அவையும் மனுக்களாகவே நீதிமன்றத்தின் வாயிலை அடைந்தன.